கொசஸ்தலை ஆற்றங்கரையில் ஒரு நாள்: குடியம் குகையா, அத்திரம்பாக்கம் வெளியா?

சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடக்கூடிய தொலைவில், பழைய கற்கால மனிதர்கள் பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நடமாடிய நிலம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றை ஒட்டியும், அருகே எழும் அல்லிக்குழி மலைகளின் அடிவாரத்திலும் அத்திரம்பாக்கம், குடியம், வடமதுரை, பரிகுளம் எனப் பல ஊர்களில் கல் கருவிகள் கிடைத்துள்ளன. இந்த நிலத்தைப் பார்க்க விரும்புகிறவரிடம் பெரும்பாலும் ஒரு விடுமுறை நாள்தான் இருக்கும். அந்த ஒரு நாளை எங்கே செலவிடுவது என்ற கேள்விக்கே இக்கட்டுரை விடை தேடுகிறது.

போவதற்குத் தகுந்த இடங்கள் நான்கு: எழும்பூர் அரசு அருங்காட்சியகம், பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகம், அத்திரம்பாக்கத்தின் திறந்த வெளி, குடியம் குகைகள். எழும்பூரை வேறொரு நாளில் தனியே பார்த்துக்கொள்ளலாம் என்பதாலும், பூண்டி மற்ற இரண்டு இடங்களுக்கும் போகும் வழியில் இருப்பதாலும், உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது அத்திரம்பாக்கத்துக்கும் குடியத்துக்கும் இடையில்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் பொதுவாக இரண்டையுமே அரைகுறையாகப் பார்த்துத் திரும்புகிறார்கள். குடியத்துக்குக் காட்டுவழியே நடந்து போய்வர அரை நாள் ஆகிவிடும். அத்திரம்பாக்கமோ அவசரமாகப் பார்ப்பவருக்கு எதையும் காட்டாத இடம்.

முதன்முறை செல்பவர் பூண்டி அகழ்வைப்பகத்தையும் அத்திரம்பாக்கத்தையும் இணைத்துப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. ஆனால் இந்தக் கருத்து எல்லாருக்கும் பொருந்தாது என்பதால் ஒவ்வொன்றையும் எடைபோட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்கியது பல்லாவரத்தில். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று, அங்கே செம்பூரான் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல்லைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். அதே இடத்துக்குப் போய் நிற்கலாம் என்று எண்ணிப் பல்லாவரம் செல்ல நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நகரம் அந்த நிலத்தை முழுவதுமாக மூடிவிட்டது. பார்க்க அங்கே எதுவும் இல்லாததால் பல்லாவரத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

ஃபூட் தென்னிந்தியா முழுவதும் பல பத்தாண்டுகள் அலைந்து சேர்த்த கருவிகளை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. எழும்பூரை ஒரு தனிப் பயணமாகக் கருதுவதற்கு அந்தத் தொகுப்பு ஒன்றே போதுமான காரணம். வெயிலும் நடையும் ஒத்துக்கொள்ளாத முதியவர்களுக்கும், அரை நாள் மட்டுமே கிடைப்பவர்களுக்கும் இதுவே சரியான தேர்வு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அருங்காட்சியகத்தின் குறை அதன் இயல்பிலேயே உள்ளது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கைக்கோடரி (இரு முகங்களிலும் செதுக்கி, கையில் பிடித்துப் பயன்படுத்திய கல் கருவி), அது கிடந்த மண்ணையும் அருகில் ஓடிய ஓடையையும் கல் எடுக்கப்பட்ட மலையையும் இழந்து நிற்கிறது. கருவியின் வடிவம் கண்ணில் பதியும். அதை ஏன் அங்கே செய்தார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

குடியத்துக்கு வருவோம். இணையத்தில் இப்பகுதியைத் தேடுகிறவர் முதலில் காண்பது குடியம் குகையின் படங்களைத்தான், அதில் வியப்பில்லை. அல்லிக்குழி மலைகள் உருண்டைக் கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் படிந்த கூட்டுப்பாறையால் ஆனவை. அந்தப் பாறை அரிக்கப்பட்டு உருவான பெரிய குடைவு, கூரைபோல் முன்னோக்கி நீண்டு நிற்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, முட்டை அளவிலிருந்து பூசணிக்காய் அளவு வரையிலான கூழாங்கற்கள் பாறைச் சுவரெங்கும் பதிந்திருப்பதைக் காணலாம். ஒரு காலத்தில் வேகமாக ஓடிய நீரால் உருட்டப்பட்டு வழவழப்பான கற்கள் அவை. கிராம மக்கள் வழிபடும் அம்மன் சந்நிதியும் இங்கே இருக்கிறது. அதனால் காலணியைக் கழற்றுவது போன்ற வழக்கமான மரியாதைகளை ஊர்மக்கள் எதிர்பார்ப்பது இயல்பே.

அழகைப் பொறுத்தவரை குடியத்துக்கு இணையாக இந்த நிலப்பகுதியில் வேறு இடம் இல்லை என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். கிராமத்தை விட்டு இறங்கி, களாவும் காரையும் சூரையும் அடர்ந்த முட்புதர்க் காட்டின் ஊடே சில கிலோமீட்டர் நடக்கும் அந்த நடைக்காகவே அங்கே செல்லலாம். எனினும், பழைய கற்காலத்தை அறிய வருபவர் குகை என்றவுடன் மனத்தில் எழும் இரண்டு எதிர்பார்ப்புகளைக் களைந்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

முதலாவது, ஓவியங்கள். மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவைப் பார்த்தவர்களும் படித்தவர்களும் குடியத்திலும் பாறை ஓவியம் இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். குடியம் அதற்குப் பெயர்பெற்ற இடம் அன்று. ஓவியம்தான் நாட்டம் என்றால், 1957-இல் தொல்லியலாளர் வாகன்கர் கண்டறிந்து, 2003-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பீம்பேட்காவுக்குப் போபால் வழியாகத் தனிப் பயணம் மேற்கொள்வதே முறை. இரண்டாவது, குகையே கற்கால மனிதனின் வீடு என்ற எண்ணம். 1960-களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த கே. டி. பானர்ஜி குடியத்தில் அகழாய்வு செய்தார். கருவிகள் கிடைக்கத்தான் செய்தன. ஆனால் அளவிலும் அடுக்குகளின் தொடர்ச்சியிலும் திறந்த வெளியான அத்திரம்பாக்கத்தோடு ஒப்பிடத் தக்க சான்று குகைக்குள்ளிருந்து வரவில்லை. கொசஸ்தலைச் சமவெளியின் மனிதர்கள் தம் தடயங்களை மிகுதியாக விட்டுச் சென்றது நீருக்கும் கல்லுக்கும் அருகிலிருந்த வெட்டவெளியில்தான்.

குடியத்தை வெறும் காட்சிக்குரிய இடமாக ஒதுக்கிவிடவும் கூடாது. இந்த மலையின் கூட்டுப்பாறை உதிர்ந்துதான் குவார்ட்சைட் என்ற கடினமான பாறை வகையின் உருண்டைக் கற்கள் அடிவாரமெங்கும் பரவின. கைக்கோடரி செய்தவர்களுக்குக் கல் கிடைத்த களஞ்சியம் இந்த மலைதான். ஆகவே குகைச் சுவரில் பதிந்திருக்கும் கற்களைப் பார்ப்பது, பிறகு அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும். இந்தத் தொடர்பை அறிந்து போகிறவருக்குக் குடியம் இருமடங்கு பொருள் தரும். அறியாமல் போகிறவருக்கு அது ஒரு நல்ல மலைநடையாக மட்டும் முடியும்.

நடைமுறைத் தடைகளையும் சொல்லியாக வேண்டும். குகைக்குச் செல்லும் வழி காட்டுக்குள் போவதால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கிராமத்தில் வழி தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளாமல் போகக் கூடாது. கிளைப் பாதைகள் பல பிரிவதால் வழி தவறுவது எளிது. நடுவழியில் குடிநீரோ கடையோ கிடைக்காது. பாறையின் மேற்புறத்தில் தேன்கூடுகள் தொங்குவதுண்டு என்பதால் கூச்சலிடுவதும் புகை மூட்டுவதும் ஆபத்தானவை. சிறு குழந்தைகளையும் முழங்கால் வலி உள்ளவர்களையும் கோடைக்காலத்தில் அங்கே அழைத்துச் செல்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

அத்திரம்பாக்கம் இதற்கு முற்றிலும் மாறானது. அங்கே அண்ணாந்து பார்க்க எதுவும் இல்லை. ஆற்றிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி, மழைநீர் அரித்த ஓடைப் பள்ளங்களும், செம்மண் சரளையும், முட்புதரும் பரவிக் கிடக்கும் நிலம் அது. அகழாய்வுக் குழிகளை வேலை முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம் என்பதால், செய்தித்தாள்களில் வந்த படங்களில் உள்ள ஆழமான படிக்குழிகளை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாற்றம் அடைவார். இருந்தும் இந்த இடத்தையே நான் முன்வைப்பதற்குக் காரணம், அந்த மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த செய்தியின் கனம்.

1930-களில் வி. டி. கிருஷ்ணசாமியும், பின்னர் பானர்ஜியும் இங்கே ஆய்வு செய்தனர். 1999-இல் சென்னையின் சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் புதிதாக அகழத் தொடங்கினர். அதுவரை இங்கே அடியில் காணப்பட்ட களிமண் படிவை, மனிதர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தைய கிரெட்டேசியக் காலத்து ஆவடிக் களிப்பாறை என்றே கருதி வந்தார்கள். அதனால் அந்தக் களிமண்ணைத் தொட்டவுடன் தோண்டுவதை நிறுத்திக்கொள்வது இயல்பாக இருந்தது. புதிய குழுவினர் நிறுத்தவில்லை. அந்தக் களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகளும் பிளக்கும் கருவிகளும் அடுத்தடுத்து வெளிவந்தன. குழி ஏறத்தாழ ஒன்பது மீட்டர் ஆழம் வரை சென்றது. ‘அடி’ என்று நம்பப்பட்ட படிவமே மிகப் பழைய மனிதத் தடயத்தின் இருப்பிடமாக மாறியது.

காலக்கணிப்பு முறையையும் சிறிது அறிந்து போவது பயன் தரும். ஒரு குவார்ட்சைட் கல் தரையின் மேல் கிடக்கும்போது விண்வெளிக் கதிர்கள் அதன் மீது பட்டு, பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரு கதிரியக்க அணுக்களை அதற்குள் உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்கடியில் ஆழமாகப் புதைந்தபின் இவை புதிதாக உண்டாவது அநேகமாக நின்றுவிடும். அலுமினியம்-26 ஏறத்தாழ ஏழு லட்சம் ஆண்டுகளிலும், பெரிலியம்-10 ஏறத்தாழ பதினான்கு லட்சம் ஆண்டுகளிலும் பாதியாகக் குறையும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் குறைவதால், மிச்சமிருக்கும் விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று கணக்கிட முடியும். இதோடு, அந்தக் களிமண் புவியின் காந்தப்புலம் தலைகீழாக இருந்த காலத்தில் படிந்தது என்பதும் தெரியவந்தது. இவற்றின் அடிப்படையில் இங்குள்ள அச்சூலியன் கருவிகள் (கைக்கோடரியைச் சிறப்பு அடையாளமாகக் கொண்ட பழைய கற்காலக் கட்டத்தவை) குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகளும், சராசரியாக 15.1 லட்சம் ஆண்டுகளும் பழமையானவை என்று 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் அறிவிக்கப்பட்டது. 2018-இல் ‘நேச்சர்’ இதழில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் உள்ளிட்டோர் வெளியிட்ட அடுத்த கட்டுரை, இதே இடத்தின் மேலடுக்குகளில் 7,200-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, பெரிய கைக்கோடரிகளைக் கைவிட்டுத் திட்டமிட்டுச் சில்லுகளைப் பெயர்த்தெடுக்கும் இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் இங்கே ஏறத்தாழ 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று காட்டியது. ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய நம் மனித இனத்தவர் (ஹோமோ சேப்பியன்ஸ்) ஒன்றேகால் லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் கொண்டுவந்த நுட்பம் அது என்று சொல்லப்பட்டு வந்த கதை, இந்தத் திருவள்ளூர் ஓடைக்கரையில்தான் கடுமையான கேள்விக்கு உள்ளாயிற்று.

மனித எலும்பு எதுவும் இங்கே கிடைக்கவில்லை. ஆகவே இக்கருவிகளைச் செய்தவர்கள் எந்த மனித இனத்தவர் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. நீரெருமை, குதிரை இனம், நீல்காய் ஆகியவற்றின் பற்கள் புதைபடிவமாகக் கிடைத்திருக்கின்றன. இன்று முள்ளும் சரளையுமாகத் தெரியும் நிலத்தில் அன்று புல்வெளியும் ஈரமும் இருந்ததை எண்ணிப் பார்க்க இந்த மூன்று பற்கள் உதவுகின்றன. இவ்வளவையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு அந்த ஓடைப் பள்ளத்தின் ஓரமாக மெல்ல நடந்தால், அரிப்பில் வெளிப்பட்ட மண் அடுக்குகளின் நிறமாற்றம் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும். குடியம் முதல் பார்வையிலேயே தன்னைக் காட்டிவிடுகிறது. அத்திரம்பாக்கம் படித்துவிட்டு வருபவருக்கு மட்டுமே திறக்கிறது. இரண்டாவது வகை இடத்துக்கே நம் ஒரு நாள் உரியது என்று நான் நினைப்பது, அந்த நிலம் வேறெங்கும் கிடைக்காத ஒன்றைக் கற்பிப்பதால்தான். மலைக்குகைகள் தமிழ்நாட்டில் பல உண்டு. பத்து லட்சம் ஆண்டுக்கும் மேற்பட்ட மனித வாழ்க்கை அடுக்கடுக்காகப் பதிந்த வெளி வேறு எங்கே இருக்கிறது?

முன்பே அறிந்துகொண்டு வர வேண்டும் என்ற இந்த நிபந்தனைதான் பூண்டி அகழ்வைப்பகத்தை இன்றியமையாததாக ஆக்குகிறது. மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் அந்தச் சிறிய காட்சியகத்தில் இவ்வட்டாரத்தில் கிடைத்த கற்கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. எழும்பூரோடு ஒப்பிட அளவில் சிறியது என்றாலும், கருவி கிடைத்த நிலத்துக்கு அருகிலேயே இருப்பது அதன் தனிச்சிறப்பு. இயற்கையாக உடைந்த கல்லுக்கும் மனிதர் செதுக்கிய கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே பழகிக்கொண்டு போகாவிட்டால், அத்திரம்பாக்கத்தில் எல்லாக் கல்லும் கருவியாகவோ, எந்தக் கல்லும் கருவி இல்லாததாகவோ தெரியும். செதுக்கிய கல்லில், தட்டுப்பட்ட புள்ளியிலிருந்து விசிறிபோல் விரியும் குழிந்த தழும்புகள் வரிசையாக அமைந்திருக்கும். கைக்கோடரியில் அவை இரு முகங்களிலும் ஓர விளிம்பை நோக்கிச் சென்று கூரான வாதுமை வடிவைத் தரும். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு போவது முக்கியம், ஏனெனில் இந்தக் காட்சியகம் பூட்டியிருக்கும் நாளில் அத்திரம்பாக்கப் பயணத்தின் பாதிப் பயன் போய்விடும்.

உடன் வருகிற குடும்பத்தார் அனைவருக்கும் கல் கருவியில் ஆர்வம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த வகையில் பார்த்தாலும் பூண்டி வழிக்கே நிறை அதிகம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கம் அங்கே இருக்கிறது. சென்னை குடிக்கும் கிருஷ்ணா நீர் கண்டலேறு கால்வாய் வழியாக வந்து சேருவதும் இந்த ஏரிக்குத்தான். ஏரிக்கரையின் அருகே உள்ள ஊன்றீஸ்வரர் கோயில் சுந்தரர் பாடிய திருவெண்பாக்கம். கண்பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் அளித்த தலம் என்பது புராணம். பழைய கோயில் இருந்த இடம் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டதால், இப்போதைய இடத்தில் மறுபடி எழுப்பப்பட்டது. திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயிலும், சற்று மேற்கே தள்ளி இரத்தின சபையான திருவாலங்காடும் இருக்கின்றன. ஆனால் திருவாலங்காட்டையும் அதே நாளில் சேர்ப்பது பேராசை. அதை வேறொரு நாளுக்கு ஒதுக்கிவிடலாம். குடியத்தைத் தேர்ந்தெடுத்தால் இவற்றுக்கெல்லாம் நேரம் இருக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் தடத்தில் புறநகர் ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கி, அங்கிருந்து பூண்டிக்குப் பேருந்தில் செல்லலாம். பூண்டி வரை இது போதும். அதற்கு அப்பால் அத்திரம்பாக்கத்துக்கும் குடியத்துக்கும் பேருந்தை நம்பினால் நாள் காத்திருப்பிலேயே கழிந்துவிடும். திருவள்ளூரிலேயே ஆட்டோவோ காரோ நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வதும், இயன்றால் சொந்த வண்டியில் வருவதும் நல்லது.

பருவத்தைப் பற்றித் தயக்கமில்லாமல் சொல்லலாம். சனவரியும் பிப்ரவரியும் மிகச் சிறந்தவை. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாள்களில் பூண்டியிலிருந்து உபரிநீர் திறந்தால் கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கும். அந்த நாள்களில் இரண்டு இடங்களையும் தவிர்க்க வேண்டும். ஏப்ரல் முதல் சூன் வரை அத்திரம்பாக்கத்தில் நிழல் அரிது. கோடையில்தான் போக முடியும் என்றால், விடியற்காலையிலேயே அந்த வெளியை நடந்து முடித்துவிட்டு, வெயில் ஏறியபின் பூண்டிக் காட்சியகத்துக்கு வருமாறு வரிசையை மாற்றிக்கொள்ளலாம். முன்னதாகவே எழும்பூரைப் பார்த்திருப்பவருக்கே இந்த மாற்று வரிசை பொருந்தும்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. தரையில் கிடக்கும் கருவி, கிடக்கும் இடத்தாலேயே ஆய்வாளருக்குப் பொருள் தருகிறது. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த கைக்கோடரி எந்த அடுக்கிலிருந்து வந்தது, பக்கத்தில் எவை இருந்தன என்ற செய்திகள் அத்தோடு அழிந்துபோகும். அனுமதியின்றித் தொல்பொருள்களை எடுப்பதும் விற்பதும் சட்டத்துக்கும் புறம்பானவை. கருவி என்று ஐயம் எழும் கல்லைக் கண்டால், அளவு தெரிவதற்காக அருகே ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, கல்லைத் தொடாமல் விட்டுவிட்டு, இடத்தைத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே செய்ய வேண்டியது. செம்மண்ணும் சரளையும் கட்டுமானத்துக்காக அள்ளப்படும் வட்டாரம் இது. பார்க்க வருகிறவர்களும் சேர்ந்து எடுக்கத் தொடங்கினால் மிஞ்சுவது என்ன என்பதை எண்ணும்போது கவலையே எழுகிறது.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு மேற்சொன்ன தேர்வில் சிறு திருத்தம் தேவை. பெரிய குழுவாக அத்திரம்பாக்கத்தின் சரளையில் நடந்தால் மேற்பரப்பில் கிடக்கும் கருவிகள் மிதிபட்டு இடம் மாறும். குடியத்தின் காட்டுவழி அவர்களுக்குப் பாதுகாப்பானதும் அன்று. அவர்களுக்கு முதல் வாரம் எழும்பூரும், அடுத்த வாரம் பூண்டிக் காட்சியகமும் ஏரிக்கரையும் என்று இரண்டு அரை நாள்களாகப் பிரிப்பது நல்லது. உயர் வகுப்பில் உண்மையான ஆர்வம் காட்டும் நாலைந்து மாணவர்களை மட்டும், துறை அறிந்த ஒருவரின் துணையோடு, சனவரி மாதக் காலை ஒன்றில் அத்திரம்பாக்கத்துக்கு அழைத்துச் செல்லலாம். குடியம், அவர்கள் இந்த மூன்றையும் பார்த்தபின் தாங்களாகவே கேட்டு வரும்போது போக வேண்டிய இடம்.